மூன்று முழத்தில் தாராபுரம்

கிளீனருக்கு ஒரு துணை வேண்டும் என்று என்னைத் தவிர எல்லோரும் சொன்னார்கள். இடுப்புக்கு மருந்து எழுதிய கால்நடை டாக்டர் சொன்னார், கோயமுத்தூரில் இருக்கிற என் மகள் சுகந்தி போனில் சொன்னாள், பக்கத்து வீட்டு ருக்குமணி மதில்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு சொன்னாள், பால்காரர் வண்டியை நிறுத்தாமலே சொல்லிவிட்டுப் போனார். துணை வேண்டும் என்று சொல்லாதது கிளீனர் ஒன்றுதான், அதனிடம் யாரும் கேட்கவில்லை.

கிளீனர் என் நாய். பதினாலு வயது. நான் லாரி ஓட்டிய நாற்பது வருசத்தில் என்னிடம் கிளீனர் வேலைக்கு வந்த எவனும் ஆறு மாதம் நின்றதில்லை, என் வாய் அப்படி, கடைசியில் நாக்பூர் தாண்டி ஒரு தாபாவில் செவலைக் குட்டி ஒன்று தானாகவே ஏறி இடப்பக்க சீட்டில் உட்கார்ந்தது, சங்ககிரி வரைக்கும் இறங்கவில்லை, அதற்குப் பிறகும் இறங்கவில்லை, அதனால் அந்தப் பெயர். நான் அதற்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று. ஒரு தாபாவில் விஷம் வைத்த தண்ணீரைக் குடித்து மூன்று நாய்கள் செத்துக் கிடந்ததைப் பார்த்த நாளிலிருந்து, வெளியூரில் நான் குடிக்காத தண்ணீரை அது குடிக்கக் கூடாது. முதலில் நான் குடிப்பேன், என் தொண்டை ஏறி இறங்குவதை அது பார்க்கும், பிறகுதான் நாக்கை நீட்டும். அசாமுக்குப் போனாலும் அப்படித்தான், அடுத்த ஊருக்குப் போனாலும் அப்படித்தான்.

லாரியை விற்ற பிறகு அது சோற்றைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தது. சுகந்தி விடவில்லை. கைவிட்ட நாய்களை எடுத்து வளர்க்கிற ஒரு காப்பகத்திலிருந்து ஒரு பெண்ணையும் ஒரு படிவத்தையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். பெண் எடுக்க வந்தவர்கள் மாதிரி அந்தப் பெண் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், மதில் உயரத்தைக் கேட்டாள், நான் என்ன சாப்பிடுவேன் என்றுகூடக் கேட்டாள்.

“உங்களுக்குக் கோபம் வருங்களா சார்?”

“வரும்.”

“வந்தா எவ்வளவு நேரம் இருக்கும்?”

“பதினோரு வருசமா ஒண்ணு இருக்குது.”

சுகந்தி என் கையைக் கிள்ளினாள். எடுத்ததை எளிதில் விடாதவர் என்று அந்தப் பெண் படிவத்தில் எழுதிக்கொண்டு போனாளாம். நாய் கிடைத்துவிட்டது.

டெரியர் என்றார்கள். உடம்பெல்லாம் வெள்ளை, ஒரு காது மட்டும் டீத்தூள் நிறம், நாயளவுக்குத் தாடி. வைத்திருந்தவர்கள் அதை அடுக்குமாடி வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார்களாம், மூன்றாவது மாடியில் அது தரையைத் தோண்டிக்கொண்டிருந்ததை வைத்துத்தான் கண்டுபிடித்தார்களாம். பேர் பிஸ்கட். நான் அந்தப் பேரைச் சொல்லவில்லை, ‘அது’ என்றேன். அது வந்த அன்று கிளீனர் உறுமியது, இரண்டாம் நாள் உறுமியது, மூன்றாம் நாள் உறுமிக்கொண்டே தூங்கியது, தூங்கிய பிறகு அந்த வெள்ளை நாய் கிளீனரின் வாலைத் தலையணையாக வைத்துப் படுத்துக்கொண்டது. நான்காம் நாள் காலையில் கொல்லையில் பழைய டயர்கள் அடுக்கியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் அது தோண்ட ஆரம்பித்தது.

முதலில் வந்தது நம்மூர்ச் செம்மண். பத்து மணிக்கு மேல் கறுப்பு மண் வர ஆரம்பித்தது. பதினோரு மணிக்குச் சோப்பு நுரை வந்தது. அதற்குப் பிறகு ஒரு குரல் வந்தது.

“யாரது, எங்க தொவைக்கிற கல்லுக்கு அடியில குழி பறிக்கறது?”

நான் டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன். அது என் தங்கச்சி நாச்சாத்தாளின் குரல். நாச்சாத்தாள் இருப்பது தாராபுரத்தில்.

மூங்கில் கொம்பை விட்டுப் பார்த்தேன். மூன்று முழம் போனது, முழங்கையை மடக்கினாற்போல் நடுவில் ஒரு வளைவு, அந்தப் பக்கத்தில் யாரோ கொம்பைப் பிடித்து இழுத்தார்கள். நான் இழுத்து வெளியே எடுத்தபோது கொம்பின் நுனியில் துணிக்குப் போடுகிற ஒரு கிளிப் மாட்டியிருந்தது.

சங்ககிரியிலிருந்து தாராபுரத்துக்கு எப்படிப் போக வேண்டும் என்று என்னைக் கேளுங்கள். பள்ளிபாளையம் போய், பாலத்தில் காவிரியைத் தாண்டி, ஈரோட்டு நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்து, அறச்சலூரில் ஒரு டீ குடித்து, காங்கேயத்தில் டயரைத் தட்டிப் பார்த்து, அதற்குமேல் காற்றை எதிர்த்துக்கொண்டு போக வேண்டும், காலி வண்டிக்கே மூன்று மணி நேரம். நாற்பது வருசம் நான் தூரத்தைத் தின்று வாழ்ந்தவன், என் முதுகெலும்பு அதில்தான் தேய்ந்தது. காவிரியைத் தாண்டாமல், கியர் மாற்றாமல், ஒரு சாண் உயர நாய் அதை மூன்று முழமாக்கிவிட்டது. அதுவும் எந்த ஊருக்கு? உலகத்தில் நான் போகவே கூடாது என்று வைத்திருந்த ஒரே வீட்டுக்கு.

அந்த விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நாச்சாத்தாளின் மகள் கல்யாணத்துக்கு நான் தாய்மாமன். பெண்ணுக்கு மாலை போட்டு மணவறைக்குக் கூட்டிப்போக வேண்டியவன். எங்கள் பக்கத்தில் தாய்மாமனை அழைப்பது என்றால் புருசனும் பெண்டாட்டியும் நேரில் வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு பத்திரிகையை வைத்து, வாங்க என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். எனக்குப் பத்திரிகை தபாலில் வந்தது. தபால்தலை ஒட்டி வந்தது. நாச்சாத்தாளின் புருசன், என் மாப்பிள்ளை பொங்கியண்ணனுக்கு வேலை அதிகமாம், ஐநூறு பத்திரிகையையும் ஒன்றாகத் தபால் பெட்டியில் போட்டுவிட்டாராம், அதில் என்னுடையதும் போய்விட்டதாம். நான் போகவில்லை. எவனோ ஒன்றுவிட்ட மாமன் மாலை போட்டான். இனி அந்த வீட்டுப் பச்சைத்தண்ணீர் என் தொண்டையில் இறங்காது என்று ஊரறியச் சொன்னேன், பதினோரு வருசமாக இறங்கவில்லை.

நாய் தோண்டிய அந்த வளையை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், குழாயில் தண்ணீர் வந்ததை எடுத்துக்கொள்வதுபோல எடுத்துக்கொண்டது. முதல் நாள் பார்க்க வந்தார்கள், இரண்டாம் நாள் பாத்திரத்தோடு வந்தார்கள். தாராபுரத்தில் உறவு இருப்பதாக எனக்கு அதுவரை தெரியாத பதினேழு குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இருந்தன. கருவேப்பிலை போனது, தயிர் வந்தது, பிரசவத்துக்குப் போன மகளுக்கு லேகியம் போனது, பேரனின் சாதிச் சான்றிதழ் சுருட்டி வந்தது, ஒரு கிழவர் தன் பல் செட்டை அங்கே மறந்துவிட்டு வந்து இங்கே கை நீட்டி வாங்கிக்கொண்டார். யாரோ சுற்றிலும் செங்கல் பதித்தார்கள், யாரோ மஞ்சள் பூசினார்கள், செருப்போடு வராதீர்கள் என்று என் கொல்லையில் என்னையே சொன்னார்கள். வருவாய்த்துறைக்காரர் வந்து வளையின் நடுப்பகுதி எந்தத் தாலுகாவில் வரும் என்று யோசித்துவிட்டு மோர் குடித்துப் போனார். லாரி புக்கிங் ஆபீஸ்காரர்கள் பார்சல் அனுப்பலாம் என்று மண்வெட்டியால் அகலப்படுத்தினார்கள், அகலமான உடனே அது வெறும் குழியாகிவிட்டது, அந்த வெள்ளை நாய் அவர்களை ஒரு முறை முறைத்துவிட்டு மறுபடியும் தன் அகலத்துக்குத் தோண்டிய பிறகுதான் தாராபுரம் திரும்ப வந்தது.

எல்லோரும் நாச்சாத்தாளோடு பேசினார்கள். என்னைத் தவிர. நான் வளைக்கு முதுகைக் காட்டி டயர்மேல் உட்கார்ந்திருப்பேன்.

“ருக்குமணி, எங்கண்ணன் சாப்புட்டுச்சா?” என்று வளை கேட்கும்.

“சாப்புட்டுட்டு உர்ருன்னு உக்காந்திருக்குதுங்க்கா” என்று ருக்குமணி சொல்வாள்.

“கிளீனரு,” என்று நான் நாயிடம் சத்தமாகச் சொல்வேன், “வேணும்னா தபால்ல எழுதிக் கேக்கச் சொல்லு.”

அதற்கும் வளை சிரிக்கும். பதினோரு வருசமாக அவள் சிரிப்பில் ஒரு மாற்றமும் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

பிஸ்கட் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டது. காலையில் இங்கே பழைய சோறு, மதியம் அங்கே கறிச்சோறு. கிளீனர் வளை வாயில் மூக்கை வைத்துக் காத்திருக்கும், அது வெளியே வந்ததும் அதன் தாடியை முகர்ந்து பார்க்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த நாய் சாப்பிட ஆரம்பித்தது, வாலை ஆட்டியது, ஒருநாள் குரைக்கக்கூடச் செய்தது. டாக்டர் சொன்னது சரிதான் என்று நான் யாரிடமும் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படியிருக்க ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் கண்ணயர்ந்த நேரத்தில், அந்த வெள்ளை நாய் முன்னால் போக, பதினாலு வயது நாய் பின்னாலேயே வயிற்றால் ஊர்ந்து வளைக்குள் போய்விட்டது.

போனது போய்ச் சேர்ந்தது. திரும்பி வர முடியவில்லை. அந்தப் பக்கத்து ஏற்றத்தில் இடுப்பு விட்டுப்போய், துவைக்கிற கல்லோரம் படுத்துவிட்டது. தூக்கினால் அலறியது. தாராபுரத்து டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டு, அசைக்கவே கூடாது, வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் தானாகத் தண்ணீர் குடித்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றாராம்.

“சோத்துத் தண்ணி வெச்சேன், மோர் வெச்சேன், சொம்புல வெச்சேன், கையில வெச்சேன், வாயவே தெறக்க மாட்டீங்குது,” என்று நாச்சாத்தாள் வளை வழியாக அழுதாள். “என்னமோ யாரையோ பாக்கற மாதிரியே பாக்குது ருக்குமணி.”

அது யாரைப் பார்க்கிறது என்று எனக்குத் தெரியும். தாராபுரம் வெளியூர்.

புதன்கிழமை காலையில் நான் வளைக்கு முன்னால் குப்புறப் படுத்து, ஒரு சொம்புத் தண்ணீரை மடக்மடக்கென்று சத்தம் கேட்கக் குடித்தேன். பிரயோசனமில்லை. வளைவு மறைத்தது. அது சத்தத்தை நம்புகிற நாய் இல்லை, தொண்டையைப் பார்க்க வேண்டும். எழுந்து மண்ணைத் தட்டியபோது தெருவே நின்று பார்த்துக்கொண்டிருந்தது, வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

“அப்ப வந்து ஒரு வாய் குடிச்சுப்போட்டுப் போங்கண்ணா,” என்றது வளை. பதினோரு வருசத்தில் அவள் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை.

“கூப்புடாத ஊட்டுக்கு எப்படி வர்றது?” என்று நான் பிஸ்கட்டிடம் கேட்டேன்.

உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வளைக்குள்ளிருந்து வளையல் போட்ட ஒரு கை வந்தது, கையில் ஒரு சின்னத் தட்டு, தட்டில் வெற்றிலை, பாக்கு, இரண்டு பழம், மூலையில் மஞ்சள் தடவிய ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை. அதற்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு முழுக்கை சட்டை போட்ட இன்னொரு கை வந்து தட்டின் ஓரத்தைத் தொட்டது. பொங்கியண்ணன் கை. கடிகாரத்தைக்கூடக் கழற்றவில்லை.

“மச்சான், வாங்க,” என்றது வளை, வேண்டா வெறுப்பாக.

நான் கையை நீட்டப் போனேன், பொய் சொல்ல மாட்டேன். அதற்குள் லாரி சங்கத்துப் பழைய செயலாளர் அத்தப்பன், எல்லாப் பஞ்சாயத்துக்கும் கூப்பிடாமலே வருகிறவர், தொண்டையைக் கனைத்தார்.

“இரு செங்கோடா. இது நேர்ல வந்து அழைச்ச மாதிரியா, தபால்ல வந்த மாதிரியா?”

அவ்வளவுதான். தெரு இரண்டாகப் பிரிந்தது. கை வந்தால் ஆள் வந்த மாதிரிதான் என்றது ஒரு பாதி. கை மட்டும் வந்தால் கடுதாசி வந்த மாதிரி என்றது இன்னொரு பாதி. முகம் பார்த்துச் சொல்ல வேண்டாமா என்றாள் ஒருத்தி. பெண் பார்க்கவே போட்டோ அனுப்புகிற காலம் இது என்றாள் ருக்குமணி. இரண்டு கையும் தட்டைப் பிடித்துக்கொண்டு வளை வாயில் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தன. மத்தியானம் வரைக்கும் பேசி, அழைக்கிறவன் பாதம் அழைக்கப்படுகிறவன் வாசலில் பட்டால்தான் அது அழைப்பு என்று அத்தப்பன் தீர்ப்புச் சொன்னார். பதினோரு வருசமாக நான் சொல்லிவந்த பேச்சு அதுதான். நானே சொல்லிவந்த பேச்சை எப்படி நானே மறுப்பது?

கைகள் உள்ளே போயின. “பாதந்தானே?” என்று பொங்கியண்ணன் கத்தியது கேட்டது. “நாளைக்குக் காலைல மொத பஸ்ல வர்றேன்னு சொல்லு உங்கண்ணங்கிட்ட. காலு ரெண்டையும் கழட்டி அவர் வாசல்லயே வெச்சுட்டு வர்றேன்!”

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் பஸ் ஏறிவிட்டதாக வளை சொன்னது. நான் டயர்மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டேன், எனக்குத் தெரிந்த ஒரே கணக்கு அது. அவர் வந்து சேரப் பத்து மணி தாண்டும். தட்டை வாங்கி, நான் பஸ் பிடித்து, ஈரோடு, அறச்சலூர், காங்கேயம் என்று போய்ச் சேர இரண்டாகும். டாக்டர் சொன்னது மத்தியானம். பிஸ்கட் வளைக்குள்ளிருந்து வந்தது, என் வேட்டியைக் கடித்து இழுத்தது, வளைக்குள் போனது, மறுபடி வந்தது, மறுபடி இழுத்தது. மூன்று முழத்துக்கு அந்தப் பக்கம் கிளீனர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது, லாரியில் இடப்பக்க சீட்டில் கேட்குமே, அதே மூச்சு, இடைவெளி மட்டும் கூடியிருந்தது.

துண்டை எடுத்துத் தோளில் போட்டேன்.

“எங்கீங்க?” என்றாள் ருக்குமணி.

“ஈரோடு வரைக்கும் ஒரு சோலி.”

“மாப்பிள்ளை ஒறம்பரையா வர்ற நேரத்துலயா?”

பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன், டிரைவர் கியர் மாற்றிய ஒவ்வொரு தடவையும் தப்பாக மாற்றினான். ஈரோட்டில் இறங்கி அடுத்த பஸ் ஏறினேன். அறச்சலூருக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவில் எதிரே வந்த பஸ் எங்களை உரசினாற்போல் நின்று ஊர்ந்தது, அதன் ஜன்னலோரத்தில் மடியில் அந்தச் சின்னத் தட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு, பொங்கியண்ணன் போனார். தலைமுடி முழுக்க வெளுத்திருந்தது. மாப்பிள்ளை என்று கூப்பிட வாய் வரை வந்தது. பஸ் நகர்ந்துவிட்டது.

தாராபுரத்தில் இறங்கும்போது மணி பதினொன்றரை. அவர்கள் வீட்டு முன்வாசலை நான் மிதிக்கவில்லை. பக்கவாட்டுச் சந்து வழியாகப் போனேன். துவைக்கிற கல்லோரம் நனைந்த சாக்கில் கிளீனர் படுத்திருந்தது, அதன் கழுத்துமேல் தாடியை வைத்து பிஸ்கட் படுத்திருந்தது, பக்கத்தில் நாச்சாத்தாள் சொம்போடு உட்கார்ந்திருந்தாள். அவள் கிழவியாகியிருந்தாள், எனக்கு யாரும் சொல்லவில்லை.

வாங்கண்ணா என்று அவள் சொல்லவில்லை. சொன்னால் நான் திரும்பிவிடுவேனோ என்று பயந்திருப்பாள். சொம்பை மட்டும் நீட்டினாள்.

கிளீனர் கண்ணைத் திறந்தது, என் முகத்தைப் பார்க்கவில்லை, என் தொண்டையைப் பார்த்தது.

அழைப்பு இந்நேரம் என் வாசலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் அங்கே அதை வாங்க ஆளில்லை. பதினோரு வருசமாக ஊரறியக் கட்டிக்காத்த சபதத்தை, எங்கள் ஊர்ச் சாட்சி ஒன்றுகூட இல்லாத இடத்தில், ஒரு நாய்க்காக விட்டுவிட்டு, நான் அந்தச் சொம்பை அண்ணாந்து குடித்தேன். மெதுவாகக் குடித்தேன், அது நன்றாகப் பார்க்க வேண்டும் என்று. பிறகு கையில் ஊற்றிப் பிடித்தேன். நாக்கு வந்தது. ஒருமுறை, இரண்டுமுறை, பிறகு நிற்காமல். கை காலியானதும் அது மறுபடி என் தொண்டையைப் பார்த்தது. இரண்டாவது சொம்பும் அப்படியே. அந்த நாய்க்கு ஒருதரம் பார்த்தால் போதாது, நான்தான் அப்படிப் பழக்கினேன். மூன்றாவது சொம்பும் அப்படியே.

நாலாவது சொம்பு வாயில் இருக்கும்போது துவைக்கிற கல்லுக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

“மச்சான்! உங்க ஊட்டு வாசல்ல ரெண்டு காலையும் வெச்சு ஒரு மணி நேரமா நின்னுட்டு இப்பக் கொல்லைக்கு வந்திருக்கறேன். சங்ககிரி முழுக்கப் பாக்குது. எங்கீங்க போனீங்க?”

“இங்கதான் இருக்கறேன்,” என்றேன், தாடையிலிருந்து தண்ணீர் சொட்ட.

“இங்கன்னா?”

“உங்க ஊட்டுல.”

அந்தப் பக்கத்தில் ருக்குமணி யாரிடமோ ஓடிச் சொல்வது கேட்டது. பிறகு பொங்கியண்ணன் கேட்டார், பதினோரு வருசமாக அதற்காகவே காத்திருந்தவர் மாதிரி கேட்டார்:

“யாரு கூப்புட்டாங்கன்னு வந்தீங்க?”

நாச்சாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் நாயைப் பார்த்தேன், நாய் சொம்பைப் பார்த்தது. கல்லுக்கு அடியில் உரசும் சத்தம் கேட்டது, என் கொல்லை மண்ணைச் சுரண்டிக்கொண்டு ஒரு கை வந்தது, தட்டு வந்தது, வெற்றிலை வாடியிருந்தது, பழம் நசுங்கியிருந்தது, பத்திரிகையில் மணமகள் பேருக்குமேல் செம்மண் ஒட்டியிருந்தது.

“இப்பக் கூப்புடறேன். பாதம் உங்க வாசல்ல பட்டாச்சு, அத்தப்பண்ணன் பாத்துட்டு நிக்கறாரு. வாங்க மச்சான்.”

“வந்துட்டேன் மாப்பிள்ளை,” என்றேன். தட்டை வாங்கிக் கல்மேல் வைத்தேன்.

“தண்ணி கிண்ணி குடிச்சீங்களா?”

“உப்புத் தண்ணி. எப்படித்தான் குடிக்கறீங்களோ.”

கிளீனர் மறுபடியும் என் தொண்டையைப் பார்த்தது. நாச்சாத்தாள் ஐந்தாவது சொம்பை மொண்டாள்.